படத்தை ஒரு முழம் கீழே இறக்குங்கள்

திருநெல்வேலி டவுனில் எங்கள் ஆச்சி வீட்டுப் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், நிலைக்கு மேலே வரிசையாகப் படங்கள் தொங்கும். தாத்தா, தாத்தாவின் அண்ணன், வெண்ணெய்ப் பானையோடு ஒரு கிருஷ்ணர், கல்யாணக் கோலத்தில் பெரியத்தை. எல்லாமே உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, தலைப்பக்கம் முன்னால் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருப்பவர்களை எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். பாய் விரித்துக் கீழே உட்கார்ந்து புழங்கிய வீடு அது. அந்த உயரத்தில் படத்தை நேராக மாட்டியிருந்தால் முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் அடித்து ஒன்றும் தெரிந்திருக்காது. சாய்த்து மாட்டியதால் பாயில் படுத்துக்கொண்டே தாத்தா முகத்தைப் பார்க்க முடிந்தது.

இன்று கட்டுகிற வீடுகளில் படம் அதே உயரத்தில்தான் இருக்கிறது, சாய்வு மட்டும் போய்விட்டது. ஏழடி உயரத்தில், சுவரோடு ஒட்டி, டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறோம். அப்புறம் அதை யாரும் பார்ப்பதே இல்லை. புது வீடு கட்டிக் குடிபோன சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து, "பெயிண்ட் எல்லாம் நல்லாத்தான் அடிச்சிருக்கோம், ஆனா வீட்டுக்குள்ள வந்தா லாட்ஜ் ரூமுக்குள்ள வந்த மாதிரி இருக்கு, ஏதாவது படம் வாங்கணும்" என்பார்கள். வாங்குவதற்கு முன்னால் இருக்கிற படத்தை ஒரு முழம் கீழே இறக்கிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பாதிப் பேருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. மீதிப் பேருக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள்

கூடத்தில் இருக்கிற படம், காலண்டர், நினைவுப் பரிசாக வந்த கடிகாரம், சாவி மாட்டும் பலகை எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றி ஓர் அறையில் வைத்துவிட்டு, ஒரு வாரம் வெறும் சுவரோடு இருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் சுவரைப் பார்த்தால் அவர்களுக்கு மனசு கேட்காது, சாமி படத்தையும் முன்னோர் படத்தையும் மட்டுமாவது விட்டுவையுங்கள். அந்த ஒரு வாரத்தில் கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம். வாசலில் நுழைந்ததும் கண் முதலில் எந்தச் சுவருக்குப் போகிறது? வீட்டில் எல்லோரும் எங்கே உட்கார்ந்து, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும் சுவரில்தான் நல்ல படம் இருக்க வேண்டும். மற்ற சுவர்கள் சும்மா இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நான்கு சுவரிலும் ஆளுக்கொன்று மாட்டுவதைவிட, ஒரு சுவரில் ஒன்றை ஒழுங்காக மாட்டினால் அறையின் முகமே மாறிவிடும்.

அதே வாரத்தில் வெயிலையும் பாருங்கள். நம் ஊரில் மேற்கு வெயில் சித்திரை வைகாசியில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எதிர்ச்சுவரில் சாயங்காலம் வரை படுத்துக் கிடக்கும். அந்த இடத்தில் வாட்டர்கலர் ஓவியமோ கலர் போட்டோவோ மாட்டினால் சில வருஷங்களில் சிவப்பும் மஞ்சளும் போய் ஒரு நீலச் சாயல்தான் மிஞ்சும். வெயில் படும் சுவருக்கு மரச்சிற்பம், சுடுமண், பித்தளைத் தட்டு மாதிரி வெளுக்காத பொருள்களை வைத்துக்கொள்ளுங்கள், காகிதத்தில் உள்ளதெல்லாம் நேர்வெயில் படாத சுவருக்குப் போகட்டும். ராத்திரி ஒருமுறை உள்பக்கச் சுவர்களையும் கையால் தடவிப் பாருங்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வரும் சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் இவையெல்லாம் சில்லென்று இருந்தால் அங்கே படம் வேண்டாம்.

அறைக்கு என்ன குணம் வேண்டும்

"அழகா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் தலையில் கட்டுவதை வாங்கிக்கொண்டுதான் வருவீர்கள். அந்த அறையில் உட்கார்ந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். குளிர்ச்சியாகவா, கலகலப்பாகவா, அமைதியாகவா, அறை பெரிசாகத் தெரிய வேண்டுமா என்று யோசியுங்கள்.

மேற்கு பார்த்த கூடம், மத்தியானம் கொதிக்கும் என்றால் தண்ணீரும் பச்சையும் நிறைய இருக்கிற படத்தை வையுங்கள். நமக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம், விடியற்காலையில் படித்துறையிலிருந்து நீங்களே ஒரு படம் எடுங்கள். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் வயலுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக நிற்கும் காட்சி சின்ன அறைக்கு ரொம்பவும் ஒத்துவரும். தூரத்தில் ஒரு மலையோ உள்ளே போகிற வரப்போ இருக்கிற படம் அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி செய்துவிடும், பத்துக்குப் பத்து அறையும் மூச்சு விடும். அகலவாக்கில் உள்ள படம் சுவரை அகலமாகக் காட்டும், நெட்டுவாக்கில் உள்ளது தாழ்ந்த மச்சைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். மாடிப்படிப் பக்கம் ஒடுங்கலான சுவர் இருந்தால் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் தூண் சிற்பங்களில் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் நீளமாக அச்சிட்டு மாட்டலாம். குறத்தியோ வீரபத்திரரோ, எதுவானாலும் அந்தக் கல்லின் நிழலே பார்க்கப் பார்க்கச் சலிக்காது. (கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.)

சாப்பிடும் இடத்துக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நல்லது. படுக்கையறையில் அந்த அளவுக்கு நிறம் வேண்டாம், முகங்கள் நிறைந்த படமும் வேண்டாம். படுத்திருக்கும்போது ஏழெட்டுப் பேர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது.

நிறம் சேர்ப்பதைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு நாள் திருப்புடைமருதூர் போய்விட்டு வாருங்கள். கடனா நதி தாமிரபரணியில் சேருகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. அதன் கோபுரத்தின் உள்தளங்களில் மரச்சிற்பங்களும் சுவர் முழுக்க ஓவியங்களும் உண்டு, மேலே போய்ப் பார்க்க முடியுமா என்று கோயிலில் கேட்டுப் பாருங்கள். நான் பார்த்துவிட்டு வந்தபோது மனசில் நின்றது ஒன்றுதான்: அவ்வளவு உருவங்களுக்கும் அவர்கள் எடுத்துக்கொண்ட நிறங்கள் கொஞ்சம்தான், காவிச் சிவப்பு எல்லா இடத்திலும் ஓடி மொத்தத்தையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறது. உங்கள் அறையிலும் அதைச் செய்யலாம். படத்தில் இருக்கும் ஒரு நிறத்தை மட்டும் எடுத்து, தலையணை உறையிலோ ஜன்னல் திரையிலோ இன்னொரு இடத்தில் கொண்டுவாருங்கள். இரண்டு இடம் போதும், ஏழு இடத்தில் வேண்டாம். குற்றாலம் பக்கம் போனால் சித்திரசபையையும் விட்டுவிடாதீர்கள். ஐந்து சபைகளில் நடராசரை ஓவியமாகவே வைத்து வழிபடும் சபை அது, ஒரு கட்டடம் முழுக்க ஓவியத்தை நம்பி நிற்பதை அங்கே பார்க்கலாம்.

படத்தை எங்கே தேடுவது

பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும், பரணில். எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் பாய் இருபது வருஷமாகச் சுருட்டி வைத்தபடியே கிடந்தது. பத்தமடையில் சொல்லி நெய்தது, ஓரத்தில் கருஞ்சிவப்புக் கரை, நடுவில் அப்பா பெயரும் அம்மா பெயரும் நெய்திருக்கும். பத்தமடைப் பாயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து, நூல் மாதிரிக் கிழித்து நெய்வதால் துணிபோல வழுவழுவென்று மடங்கும். அதைச் சட்டம் போடாமல், மேலேயும் கீழேயும் ஒவ்வொரு தேக்குக் கம்பு கொடுத்து, பின்பக்கம் காடாத்துணியில் ஒரு பட்டை தைத்து அந்தப் பட்டைக்குள் கம்பை நுழைத்து மாட்டினேன். பாயில் ஊசி போடவே இல்லை, கரையில் இருக்கிற துணியில்தான் தையல். கூடத்தின் பெரிய சுவரில் அது ஒன்றுதான் இப்போது இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கையை வைத்துத் தடவுகிறார்கள், அப்புறம் பெயரைப் படிக்கிறார்கள், அப்புறம் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உங்களிடம் பாய் இருந்தால் அதை மடிக்காதீர்கள், மடித்த இடத்தில் கோரை ஒடிந்துவிடும். சுருட்டித்தான் வைக்க வேண்டும். நேர்வெயில் பட்டால் சாயம் வெளுக்கும்.

அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான்களை, பிள்ளைகள் வைத்து விளையாடும் அந்தக் குட்டிச் சமையல் சாமான்களை, பிள்ளைகள் வளர்ந்ததோடு நாம் மறந்துவிட்டோம். கடைசல் மரத்தில் அரக்குச் சாயம் ஏற்றிய அந்தச் சின்ன அடுப்பு, குடம், அம்மி, உரல் எல்லாவற்றையும் ஒரு மெல்லிய பலகையில் வரிசையாக வைத்து அடுக்களைக்கு எதிரே மாட்டுங்கள், அந்த மூலையே சிரிக்கும். காருகுறிச்சி மண்பாண்டங்களில் வாய் அகன்ற ஒரு பானையை வாசல் பக்கம் தரையிலேயே வைக்கலாம், எல்லாமே சுவரில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

காலண்டர் படத்தையும் கேவலமாக நினைக்காதீர்கள். நம் பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து காலண்டர் படங்கள் வரைந்தவர் கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரை எழுத வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும்தான் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் வீடுகளுக்குப் போனது. பழைய மளிகைக்கடைக் காலண்டரில் அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், மேலே இருக்கும் தகரப் பட்டியைக் கவனமாகப் பிரித்து எடுத்துவிட்டு, நாள்காட்டிப் பகுதியை வெட்டாமல் பின்னால் மடித்து வைத்து, சந்தன நிற மவுண்ட் கொடுத்துச் சட்டம் போடுங்கள். சாமி அறைக்கு வெளியிலும் அது கம்பீரமாக இருக்கும்.

உங்கள் போன் படத்தை அச்சிடுவதானால் ஒரே ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சிடக் கொடுக்காதீர்கள், அது சுருங்கித்தான் வந்திருக்கும், பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். எடுத்தவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல அச்சுக் கணக்கு, 4000க்கு 3000 புள்ளி உள்ள படம் 13 அங்குல அகலம் வரை கூர்மையாக வரும். தூரத்திலிருந்து பார்க்கிற பெரிய படத்துக்கு 150 புள்ளி போதும், அப்போது 26 அங்குலம் வரை போகலாம். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள் கேளுங்கள். பளபளப்பில் எதிர் ஜன்னல்தான் தெரியும்.

சட்டம் போடுவது

இதில்தான் நிறையப் படங்கள் வீணாகின்றன. ஒரு கடையில் கொடுத்த எங்கள் அப்பாவின் பழைய போட்டோவை பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டியே கொடுத்துவிட்டார்கள், இரண்டு மழைக்காலத்தில் போர்டு நெளிந்தது, போட்டோவும் அதோடு நெளிந்தது, இனி பிரிக்க வழியில்லை. ஆகவே கொடுக்கும்போதே நின்று சொல்லுங்கள்: "அண்ணாச்சி, படத்தை ஒட்ட வேண்டாம், மேலே ரெண்டு மூலையில மட்டும் பேப்பர் பட்டையால பிடிச்சு நிறுத்துங்க. கண்ணாடியில படம் ஒட்டக் கூடாது, நடுவுல மவுண்ட் வேணும்."

மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி வருகிற அந்தக் கெட்டி அட்டை. அது அழகுக்கு மட்டும் இல்லை, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்றுக்கு ஓர் இடம் விடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். மவுண்ட் போட்ட இரண்டு படங்கள் காய்ந்து மீண்டுவிட்டன, கண்ணாடியில் ஒட்டி நின்ற கல்யாண போட்டோவைப் பிரித்தபோது முகம் கண்ணாடியோடு போய்விட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒட்டிப்போனது இருந்தால் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பலகையின் ஓரத்தைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டச் சொல்லுங்கள், ராமபாணப் பூச்சி உள்ளே போகாது. சட்டத்தின் கீழ்மூலை இரண்டிலும் பின்பக்கம் சட்டைப் பொத்தான் அளவு ரப்பர் துண்டு ஒட்டினால் படம் சுவரைத் தொடாது, ஈரம் ஏறாது. சட்டத்தின் நிறத்தைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான், பூவேலைப்பாடு தங்கச்சட்டம் சாமி படத்துக்கும் தஞ்சாவூர்ப் படத்துக்கும் போதும், மற்றதற்கெல்லாம் ஒல்லியான தேக்கு நிறமோ கறுப்போ.

உயரம், ஆணி

பழைய நியூஸ் பேப்பரைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டிச் சுவரில் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், மேலே கீழே நகர்த்துங்கள். படத்தின் நடுப்புள்ளி எங்கே வர வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: நின்று பார்க்கிற இடத்தில், அதாவது வராந்தா, மாடிப்படி, நடைவழியில், தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். சோபா நாற்காலி போட்ட கூடத்தில் 52 முதல் 54. தரையில் உட்கார்ந்து புழங்குகிற அறையில் 45 முதல் 48 வரைகூட இறக்கலாம். கீழே உட்காரும்போது நம் கண் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோபாவுக்கு மேலே மாட்டினால் சோபாவின் முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி வேண்டாம், அந்த இடத்தில் கணக்கைவிட இந்தச் சாண்தான் முக்கியம். படத்தின் அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும், ஆறடி சோபாவுக்கு நாலடி. அவ்வளவு பெரிய படம் இல்லையென்றால் மூன்று சின்னப் படங்களை மூன்று விரல் இடைவெளியில் சேர்த்து மாட்டி ஒன்றாக்கிவிடலாம்.

ஆணி எங்கே வரும்? நடுப்புள்ளி உயரத்தோடு சட்டத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, பின்னால் கட்டியிருக்கும் கம்பியை மேலே இழுத்துப் பிடித்தால் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். சட்டம் 24 அங்குலம், கம்பி 3 அங்குலம் கீழே என்றால், 54 + 12 − 3 = 63 அங்குலம்.

துளை போடும் முன் சுவிட்ச் போர்டுக்கு நேர்மேலேயும் நேர்கீழேயும் இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள், வயர் குழாய் அந்த வழியாகத்தான் போகும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும் வேண்டாம். செங்கல் சிமெண்டுச் சுவருக்கு 6 மில்லிமீட்டர் பிட், பிளாஸ்டிக் பிளக், ஒன்றரை அங்குல ஸ்க்ரூ. புள்ளி வைத்த இடத்தில் செலோடேப் ஒட்டிவிட்டுத் துளைத்தால் பெயிண்ட் பெயராது, கீழே ஒரு காகிதத்தைப் பை மாதிரி மடித்து ஒட்டினால் தூசி அதில் விழும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சுத்தியலால் ஆணி அடித்தால் பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து வரும். அங்கே டிரில்லைத் தட்டித் துளைக்கும் முறையில் வைக்காமல் மெதுவாகச் சுற்றவிட்டு, நீளமான பிளக் போடுங்கள். இரண்டடிக்கு மேல் அகலமான படத்துக்கு இரண்டு ஸ்க்ரூ, கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மட்டம் பார்த்துப் போட்டுவிட்டால் படம் ஒரு பக்கம் கோணாது. நைலான் கயிறு நாளாக நாளாக இழுபடும், கம்பியே நல்லது.

ஆச்சி வீட்டுச் சாய்வு வேண்டுமா? சட்டத்தின் பின்னால் கம்பி கட்டும் வளையத்தை வழக்கமான இடத்தைவிடக் கீழே இறக்கித் திருகுங்கள், தலைப்பக்கம் தானாக முன்னால் வரும். முன்னோர் படத்தைக் கீழே இறக்க மனசில்லாத வீடுகளில் நான் இதைத்தான் செய்யச் சொல்கிறேன், நிலைக்கு மேலேயே இருக்கட்டும், ஆனால் சாயட்டும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் படத்தை மாட்டாமல் சாய்த்து வையுங்கள். மேசை, அலமாரி, ஜன்னல் திண்டு எதன்மேலும் வைக்கலாம். ஒட்டுக் கொக்கியை வெள்ளையடித்த சுவரில் நம்பாதீர்கள், சுண்ணாம்போடு பிரிந்து ராத்திரி விழும்.

விளக்கும் மழையும்

டியூப் லைட்டின் நீல வெள்ளையில் காவியும் சிவப்பும் செத்துப்போகும். படத்துக்குப் பக்கத்தில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று எழுதியிருக்கும் மஞ்சள் வெளிச்ச எல்ஈடி ஒன்று போடுங்கள், சாயங்காலம் டியூப்பை அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். விளக்கு படத்துக்கு நேர் எதிரே இருந்தால் கண்ணாடியில் அடிக்கும், மச்சிலிருந்து சாய்வாக விழ வேண்டும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை எல்லாப் படத்தையும் இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். சுவரில் கறுப்புப் புள்ளி, சட்டத்தின் ஓரத்தில் மண் கோடு, பின்பலகையில் நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். மண் கோடு என்றால் கறையான், அன்றைக்கே கவனிக்க வேண்டும். கண்ணாடியில் நேரடியாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள், சட்டத்துக்குள் இறங்கிவிடும், துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள்.

போன தையில் நான் பாயை இறக்கித் தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "அப்பா பேரு பக்கம் வெளுத்திருக்காலே?" என்று கேட்டாள். வெளுக்கவில்லை. அவளே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு, மாட்டும்போது இன்னும் நாலு விரல் கீழே இறக்கச் சொன்னாள், இப்போதெல்லாம் அவள் உட்காருவது தாழ்ந்த நாற்காலியில். இறக்கி மாட்டினேன். மேலே பழைய துளை இரண்டையும் வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்திருக்கிறேன், பெயிண்ட்தான் இன்னும் தொடவில்லை.